காலண்டர்: நாட்காட்டி

ரோமானியர்கள் மாதத்தின் முதல் நாளைக் 'கலெண்டே' என்றார்கள். 'கூவி அறிவி' என்னும் பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்த பெயர் அது. கடனுக்கு வட்டி கட்டவேண்டிய நாளும் அதுவே என்பதால், வட்டிக்கணக்கு எழுதிய ஏட்டுக்குக் 'கலெண்டாரியம்' என்று பெயர். அதுதான் ஆங்கிலம் வழியாக நம்மிடம் காலண்டர் ஆனது. பிறப்பிலேயே கொடுக்கல் வாங்கல் சொல். புதுவருஷத்தில் மதுரை விளக்குத்தூண் பக்கம் கடைக்காரரிடம் "அண்ணே, ஒரு காலண்டர்" என்று நிற்பவர்கள் அந்த உறவை விட்டுவிடவில்லை.

தமிழில் நாட்காட்டி. நாள் + காட்டி. புணரும்போது 'ள்' 'ட்' ஆகிறது. பழந்தமிழில் 'நாள்' நட்சத்திரத்தையும் குறிக்கும். பஞ்சாங்கம் வேறு: திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என ஐந்து உறுப்பு உடையது.

ஆனால் நம் ஊர்ப்பக்க வீடுகளில் காலண்டர் என்றால் சாமிப்படமும் சேர்த்துத்தான். வருஷம் முடிந்தால் தேதித்தாள் போய்விடும், படம் சட்டத்துக்குள் ஏறிவிடும். அப்படி ஏறியவற்றில் பல கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898–1976) வரைந்தவை, சிவகாசியில் அச்சானவை.

சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், ரமணாசிரமத்தில் கொஞ்சகாலம் இருந்தவர், அப்புறம் நாடகக் கம்பெனிக்குப் படுதா, அதாவது மேடையின் பின்திரை, எழுதியவர். படுதா எழுதிய கை என்று தெரிந்துகொண்டு பார்த்தால் அவர் படங்கள் வேறு மாதிரி தெரிகின்றன. சாமிகள் மேடையில் நிற்பதுபோல நம்மைப் பார்த்து நிற்கிறார்கள். பின்னால் ஆழம் காட்டும் அலங்காரம்.

அவருடைய மீனாட்சி கல்யாணப் படத்தில் பெருமாள் தாரை வார்க்க, சொக்கர் அம்மன் கையைப் பிடிக்கிறார். மதுரை மீனாட்சி கோயில் கம்பத்தடி மண்டபத் தூணில் கல்லில் நிற்கும் அதே மூவர்தான். சித்திரைத் திருக்கல்யாணத்துக்குத் திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள் வருவதும் தாரை வார்த்துக் கொடுக்கத்தான். கல்லும் திருவிழாவும் அச்சுத்தாளில் ஏறி அடுப்படிச் சுவர்வரை வந்துவிட்டன. இதைப் பார்த்தவன் என்பதால், "காலண்டர் படம் மாதிரி இருக்கு" என்று ஓர் ஓவியத்தை மட்டம்தட்டும் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை.

சரி, எப்படி எழுதலாம்? கிழிப்பது தினசரி நாட்காட்டி, புரட்டுவது மாத நாட்காட்டி. கட்டுரையில் படத்தை நாட்காட்டி ஓவியம் என்று எழுதினால் பொருந்தும். சட்டம் போடுகிற கடையில் மட்டும் காலண்டர் படம் என்றே கேளுங்கள்.