உணவில் நச்சு உலோகங்கள்: கோடெக்ஸ் வரம்பைச் சரியாகப் படிக்கும் முறை

உணவில் ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்செனிக் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கான உலகப் பொதுவிதி கோடெக்ஸ் தரம் 193. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் ஆணையம் 1995இல் வெளியிட்டு, அவ்வப்போது திருத்திவரும் ஆவணம் இது. தன்னளவில் சட்டம் அல்ல. ஒரு நாடு தன் உணவுச் சட்டத்தில் சேர்த்தால்தான் கட்டுப்படுத்தும். ஆனால் உலக வர்த்தக அமைப்பு கோடெக்ஸை அளவுகோலாக ஏற்றிருப்பதால், ஏற்றுமதி இறக்குமதித் தகராறுகளில் இதற்கு மதிப்பு அதிகம்.

ஆய்வறிக்கையைக் கையில் எடுத்ததும் முதலில் அலகைப் பாருங்கள். வரம்புகள் கிலோவுக்கு மில்லிகிராமில் உள்ளன. பல ஆய்வகங்கள் மைக்ரோகிராமில் எழுதும். ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் ஆயிரம் மடங்கு பிழை. அடுத்தது ஈரப்பதம். கீரைக்குக் காட்மிய வரம்பு 0.2 மி.கி.; இது சந்தைக்கு வரும் பச்சைக் கீரைக்கானது, வாடி அழுகிய இலைகளை நீக்கிய பிறகு. கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். உலர்எடையில் தந்த எண்ணை அப்படியே ஒப்பிட்டால், நல்ல கீரையும் வரம்பு மீறியதாகத் தெரியும். குழந்தைப் பால்மாவுக்கு ஈய வரம்பு 0.01 மி.கி.; அதுவும் மாவுக்கு அல்ல, கரைத்துக் குடிக்கும் நிலைக்கு.

ஆர்செனிக்கில்தான் குழப்பம் மிகுதி. தீட்டிய அரிசிக்கு 0.2, தீட்டாத அரிசிக்கு 0.35 மி.கி. என்பது கனிம ஆர்செனிக்குக்கு (கார்பனோடு சேராத, நச்சு மிகுந்த வடிவம்) மட்டும். மீனிலும் பிற கடலுணவிலும் இருப்பது பெரும்பாலும் கரிம வடிவம், அதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு. அரிசியில் மொத்த ஆர்செனிக்கை முதலில் அளக்கலாம். அது வரம்புக்குள் இருந்தால் மேற்கொண்டு சோதனை வேண்டாம். தாண்டினால் கனிம வடிவத்தைப் பிரித்து அளந்த பிறகே சரக்கை நிராகரிக்க வேண்டும். மீத்தைல் பாதரசம் என்பது மீனில் சேரும், நச்சு மிகுந்த பாதரச வடிவம். சூரை மீனுக்கான அதன் வரம்புக்கும் (1.2 மி.கி.) இதே வழி: முதலில் மொத்தப் பாதரசம், தேவைப்பட்டால் மீத்தைல் பாதரசம்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு: வரம்புக்குள் இருந்தால் எவ்வளவு சாப்பிட்டாலும் பாதுகாப்பு என்பது. நல்ல வேளாண் முறையில் எட்டக்கூடிய அளவையும் பார்த்தே வரம்பு வைக்கிறார்கள். உடல் தாங்கும் அளவுக்கான கணக்கு வேறு. காட்மியத்துக்கு அது மாதத்துக்கு உடல் எடை கிலோ ஒன்றுக்கு 25 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 மைக்ரோகிராம். தீட்டிய அரிசிக்குக் காட்மிய வரம்பு 0.4 மி.கி.; வரம்பைத் தொட்டு நிற்கும் அரிசியைத் தினம் 300 கிராம் உண்டால் 120 மைக்ரோகிராம் சேர்கிறது! பெரும்பாலான அரிசியில் அளவு இதைவிடக் குறைவு என்பதுதான் நம்மைக் காக்கிறது. ஒரே வயலின் விளைச்சலையே ஆண்டு முழுதும் உண்ணும் குடும்பங்களுக்கு அந்தச் சராசரி உதவாது. அவர்களுடைய மண்ணையும் தானியத்தையும் தனியே சோதித்தாக வேண்டும்.

ஈயத்துக்கு இப்படி ஒரு தாங்கும் அளவே இப்போது கிடையாது. பாதுகாப்பான எல்லை என்று எதையும் காட்ட முடியாததால் கோடெக்ஸுக்கு ஆலோசனை தரும் நிபுணர் குழு 2010இல் பழைய எண்ணைத் திரும்பப் பெற்றது. உடலில் இரும்பும் கால்சியமும் குறைந்தால் குடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். இரும்பு குறைந்தால் காட்மியமும் அப்படியே. ஒரே தட்டில் உண்டாலும் இரத்தசோகை உள்ள குழந்தைக்குச் சேர்வது அதிகம். ஆகவே உணவுச் சோதனையோடு அந்தக் குழந்தையின் இரும்புச்சத்தையும் சோதித்துச் சரிசெய்ய வேண்டும்.