ஃப்யூவல் கேஜ்: எரிபொருள் காட்டி

மீட்டர் கேஜ், பிராட் கேஜ், 18 கேஜ் கம்பி என்று ரயிலிலும் ஹார்டுவேர் கடையிலும் புழங்கும் அதே 'கேஜ்'தான் வண்டியின் டேஷ்போர்டிலும் இருக்கிறது. வடக்குப் பிரெஞ்சு வழக்கிலிருந்து 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்த சொல் இது. மதுப் பீப்பாய்க்குள் கோலை விட்டு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதோடு தொடர்புடையது. பீப்பாய் அளந்து வரி போடும் அதிகாரியை 'கேஜர்' என்பார்கள். ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் அந்த வேலை பார்த்தவர். பிரெஞ்சில் இன்றும் இன்ஜின் ஆயில் பார்க்கும் கம்பிக்கும் டேஷ்போர்டு முள்ளுக்கும் இந்த ஒரே சொல்தான்.

நம் ஓட்டுநர்கள் 'பெட்ரோல் முள்', 'டீசல் முள்' என்கிறார்கள். எழுத்தில் வெப்பமானி, மழைமானி வரிசையில் 'எரிபொருள் மானி' என்று எழுதுகிறோம். மானம் என்றால் அளவு. எனவே மானி பிழையான சொல் இல்லை. ஆனாலும் பழைய ஜீப், லேண்ட் ரோவர் போன்ற வண்டிகளுக்கு 'எரிபொருள் காட்டி' என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. திசைகாட்டி, நாட்காட்டி எல்லாம் நமக்குப் பழகிய சொற்கள்தானே. அந்த முள் எதையும் நேராக அளப்பதில்லை. டேங்குக்குள் இருக்கும் மிதவையின் உயரத்தை, கொஞ்சம் தாமதமாக, ஒரு மாதிரி காட்டுகிறது, அவ்வளவுதான்.

எப்படி என்று பார்ப்போம். மெக்கானிக்குகள் 'டேங்க் யூனிட்' என்று சொல்லும் பாகத்தில் ஒரு மிதவையும், அதைத் தாங்கும் கையும் இருக்கும். எண்ணெய் ஏறி இறங்கும்போது கை அசைந்து ஒரு மின்தடையைக் கூட்டும், குறைக்கும். 1976 முதல் 1986 வரை வந்த ஜீப் சி.ஜே.7இல் டேங்க் நிறைந்தால் தடை சுமார் 10 ஓம், காலியானால் சுமார் 73 ஓம் (ஓம் என்பது மின்தடையின் அலகு). வயர் அறுந்தால் தடை எல்லையில்லாமல் கூடியதற்குச் சமம். அதனால் முள் காலிப் பக்கம் விழுந்துவிடும். பயமுறுத்தினாலும் ஆபத்தில்லாத பொய் அது. பல ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் கணக்கு தலைகீழ்: காலிக்கு 0, நிறைவுக்கு 90. அங்கே வயர் அறுந்தால் முள் நிறைவையும் தாண்டி நிற்கும். வழியில் நிற்க வைப்பது இந்தப் பொய்தான். வண்டியின் உடலோடு சேரும் எர்த் இணைப்பு துருப்பிடித்தால் அதுவும் தடையைக் கூட்டி இதே திசையில் ஏமாற்றும். டேங்க் யூனிட்டைக் குறை சொல்லும் முன் எர்த்தைச் சுரண்டிப் பாருங்கள்.

சி.ஜே.7இல் இன்னொரு விஷயம். வெப்பக் காட்டிக்கு வேண்டிய சுமார் 5 வோல்ட், எரிபொருள் காட்டிக்குள் இருக்கும் மின்னழுத்தச் சீராக்கியிலிருந்துதான் போகிறது. இரண்டு முள்ளும் ஒரே நேரத்தில் கோளாறு காட்டினால் சந்தேகப்பட வேண்டியது டேங்கை அல்ல, அந்தச் சீராக்கியை. பிற்காலச் சீரிஸ் லேண்ட் ரோவர்களிலும் இதே மாதிரி 10 வோல்ட் நிலைப்படுத்தி உண்டு. இவ்வகைக் காட்டிகளில் ஈருலோகப் பட்டை சூடாகி வளைந்துதான் முள் நகரும். சாவி போட்டதும் முள் மெதுவாக எழுவது அதனால்தான். மேடு பள்ளத்தில் எண்ணெய் அலம்பினாலும் முள் துள்ளாமல் இருப்பது இந்த மந்தத்தின் நன்மை.

சரிவில் மந்தமும் உதவாது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப் பாதை போன்ற இடங்களில் எண்ணெய் டேங்கின் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். மிதவை எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பொறுத்து முள் கூடவோ குறையவோ காட்டும். சமதளத்தில் நிறுத்திப் படிப்பதுதான் சரி.

இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் கோல்தான். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் எம்.பி. ஜீப்பில் சுமார் 57 லிட்டர் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருந்தது. குஷனைத் தூக்கினால் மூடி. அதில் உலர்ந்த மரக்கோல் நேராக இறங்கும். காலி டேங்கில் ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் கோலில் கோடு போட்டுக்கொண்டால் முடிந்தது. இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. இந்தக் கோலுக்கு 'மானி' என்ற பெயரைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

அப்புறம் 'ரிசர்வ்'. பின்னுக்கு எடுத்து வைப்பது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பைக்கில் குழாயைத் திருப்பினால் கிடைக்கும் மிச்சத்துக்கு 'கையிருப்பு' நல்ல தமிழ். ஆனால் சி.ஜே.7இல் அப்படித் திருப்பக் குழாயும் இல்லை, எச்சரிக்கை விளக்கும் இல்லை. முள் காலிக் கோட்டைத் தொட்ட பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பது வண்டிக்கு வண்டி மாறும்.

'குறைவெண்ணெய் விளக்கு' என்று நான் சொல்ல விரும்பும் விளக்கு, பழைய டொயோட்டாக்கள் பலவற்றில் மிதவையை நம்பி எரிவதில்லை. டேங்கின் அடிப்பக்கத்தில் ஒரு தெர்மிஸ்டர், அதாவது சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் சிறு பாகம், இருக்கும். எண்ணெயில் மூழ்கியிருக்கும்வரை அது குளிர்ந்திருக்கும். தடையும் அதிகமாக இருக்கும். எண்ணெய் இறங்கி அது வெளியே தெரிந்தால் சூடாகி, தடை குறைந்து, விளக்கு எரியும். மிதவையின் கை மாட்டிக்கொண்டாலும் இது தன் வேலையைச் செய்யும். ஆகவே முள் கால் டேங்க் காட்டும்போது விளக்கு விடாமல் எரிந்தால், விளக்கை நம்பிப் பக்கத்து பெட்ரோல் பங்க்குக்குப் போய்விடுங்கள்.