ஒதுங்கிக் கிடக்கும் நாயை யார் கையில் கொடுப்பது?

காப்பகத்துக்கு நாய் எடுக்க வருகிறவர்கள், ஓடிவந்து கம்பியில் காலைப் போட்டு வாலாட்டும் நாயிடம்தான் முதலில் நிற்பார்கள். கடைசிக் கூண்டில் சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடப்பதைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அப்படி நகர்கிறவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நகராமல் அங்கேயே நின்று, கண் கலங்கி, "டாக்டர், இதையே குடுத்துருங்க, நாங்க பாசமா பாத்துக்கறோம்" என்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கோவை, திருப்பூர் பக்கத்துக் காப்பகங்களுக்குத் தடுப்பூசி போட, கருத்தடை செய்ய, அடிபட்டதைப் பார்க்க என்று போய்வரும் கால்நடை மருத்துவர் நான். பயந்த நாயைக் கூட்டிப்போய்ச் சில நாளிலேயே திரும்பக் கொண்டுவந்து விடும் குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன். யாரும் கெட்டவர்கள் இல்லை, பாசத்தில் குறை வைத்தவர்களும் இல்லை. மடியில் தூக்கி வைத்திருக்கிறார்கள், கட்டிலில் படுக்கவைத்திருக்கிறார்கள், கறிக்குழம்பு ஊற்றிப் பிசைந்து ஊட்டியே விட்டிருக்கிறார்கள். அந்த நாய் அதில் எதையும் கேட்கவில்லை. தன்னைக் கொஞ்ச நாள் கண்டுகொள்ளாமல் விடத் தெரிந்த ஒரு வீடுதான் அதற்கு வேண்டியிருந்தது.

பயந்த நாயைப் பார்த்ததும் எல்லோரும் சொல்வது, "யாரோ போட்டு அடிச்சிருக்காங்க". சில நாய்களுக்கு அது உண்மைதான். ஆனால் நிறைய நாய்களை யாரும் அடித்ததே இல்லை, யாரும் தொட்டதும் இல்லை. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரைக்கும்தான் ஒரு குட்டி எது தனக்கு வேண்டியது, எதற்குப் பயப்பட வேண்டும் என்று பழகிக்கொள்கிறது. 1961-லேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பதினான்கு வாரம் மனிதர் பழக்கமே இல்லாமல் வளர்ந்த குட்டிகள் அதற்கப்புறம் மனிதரிடம் நெருங்கவே மிகவும் சிரமப்பட்டன. நம் ஊரில் குடோனுக்குப் பின்னாலும் பள்ளத்து ஓரத்திலும் ஈன்று, தாயோடு ஒளிந்தே வளர்ந்த குட்டிகள் பெரிதாகிப் பிடிபட்டு வரும்போது இதே நிலையில்தான் வருகின்றன. தாய் பயந்த சுபாவமாக இருந்தால் அதுவும் சேர்ந்து வரும்.

இன்னொன்றையும் கட்டாயம் பார்க்க வேண்டும். வலி இருக்கும் நாயும் ஒதுங்கித்தான் கிடக்கும். காதில் சீழ், சொத்தைப் பல், தப்பாகக் கூடிய பழைய எலும்பு முறிவு, அப்புறம் உண்ணிக் காய்ச்சல். உண்ணி இல்லாத தெருநாயை நம் பக்கம் பார்ப்பதே அரிது, உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பேபீசியா கிருமிகள் ரத்தத்தில் இருந்தால் நாய் சோர்ந்து மூலையில்தான் படுக்கும். ரத்தப் பரிசோதனை செய்து, தொட்டால் எங்கே வலிக்கிறது என்று பார்த்து, அதற்கு மருந்து கொடுத்த பின்னும் ஒதுங்கினால்தான் அதைப் பயந்த நாய் என்று சொல்லலாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை கூட்டிப்போய்ப் பார்க்க வேண்டியிருந்தாலும் பார்த்துவிட்டுத்தான் வீடு தேட வேண்டும்.

அமைதியான நாய் என்று ஏமாந்துபோவது அடுத்த விஷயம். கையை வைத்தால் அசையாமல் கிடக்கும், தூக்கினால் தூக்கிய வாக்கில் இருக்கும். "பாருங்க, எவ்வளவு சாதுவா இருக்குது" என்பார்கள். வாலைப் பாருங்கள், வயிற்றோடு ஒட்டியிருக்கும். சாப்பாடு எதுவும் இல்லாமலேயே உதட்டை நக்கிக்கொண்டிருக்கும், தூக்கம் வராமலேயே கொட்டாவி விடும், தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுபோகும்போது கண்ணின் வெள்ளை பிறை மாதிரி தெரியும். பயத்தில் உறைந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். ஓட வழியில்லாத நாய் முதலில் உறையும். அப்போதும் கை விலகவில்லை என்றால் கடிக்கும். "திடீர்னு கடிச்சிருச்சு" என்று வருகிற பல கடிகளுக்கு முன்னால் அந்த நாய் தன் பாஷையில் போதும் போதும் என்று சொல்லியிருக்கும், அங்கே இருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது. குழந்தை முகத்தருகே கொண்டுபோய்க் கொஞ்சுகிற வீடு என்றால் நான் ஒத்துக்கொள்வதே இல்லை.

சரி, நம் ஊரில் யார் யார் கேட்கிறார்கள்? காங்கேயம், தாராபுரம், பொள்ளாச்சி பக்கமிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, காவல் கேட்பார்கள். "ஏனுங்க, சும்மா கட்டிப்போட்டா கொரச்சுட்டு கெடக்குமுங்கல்ல?" பயந்த நாய் காவல் காக்காது, மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். சங்கிலியில் கட்டினால் ஓடவும் முடியாமல் பயம் இன்னும் ஏறும், அப்புறம் கிட்டே போகிற எவரையும் கடிக்கும். குட்டைச் சங்கிலியில் ரொம்ப நேரம் கட்டிவைப்பதும், எப்போதும் கட்டிய நாயை நடக்கவிடாமல் வைத்திருப்பதும் 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். அவிழ்த்துவிட்டால் இன்னொரு ஆபத்து. வெள்ளகோவில், காங்கேயம் பக்கம் நாய்கள் கூட்டமாகப் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்று, நஷ்டஈடு கேட்டு விவசாயிகள் போராடும் அளவுக்குப் போயிருக்கிறது. பட்டியை இழந்தவர் தன் வயலுக்குள் நிற்கும் நாய் யாருடையது, எங்கிருந்து வந்தது என்று விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார். அவர் மேலும் தப்பில்லை.

இத்தனை சொன்னாலும், நான் பார்த்ததில் பயந்த நாய்க்கு அமைந்த நல்ல வீடுகளில் பல தோட்டத்து வீடுகள்தான். சத்தம் குறைவு, வந்துபோகும் ஆள் குறைவு, வீட்டில் எப்போதும் ஒருவர் இருப்பார். வேலி மட்டும் சுற்றிலும் சரியாக இருக்க வேண்டும்.

விசைத்தறி வீடுகள் என்றால் எடுத்தவுடன் வேண்டாம் என்றுதான் தோன்றும். ஆனால் சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடும் வீடுகளில் சில நாய்கள் நன்றாகவே பழகிவிட்டன. நாள் முழுக்க ஒரே சீராக ஓடும் சத்தம் நாய்க்குச் சீக்கிரம் பழகிப்போகும். திடீர் சத்தம்தான் அதைக் கெடுக்கும். நோம்பிக்குப் போடும் அதிர்வேட்டு, காதுகுத்துக்குக் கட்டும் ஸ்பீக்கர், லிஃப்ட் கதவு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் படியில் தடதடவென்று இறங்குவது. அதனால்தான் மாரியம்மன் கோயில் வாசலை ஒட்டிய வீடா என்பதையும் கேட்டுக்கொள்கிறேன். இது கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம், நாய்க்கு அதுதான் பெரிய விஷயம்.

"முப்பது வருசமா நாய் வெச்சிருக்கோமுங்க" என்று சொன்னால் மட்டும் போதாது. முப்பது வருடமும் தைரியமான நாய்களையே வளர்த்தவர்களுக்கு இந்த மாதிரி நாய் புதுசு. நான் கேட்பது வேறு. முன்னே வைத்திருந்த நாய் எதற்காவது பயந்ததா, பயந்தபோது என்ன செய்தீர்கள்? சாப்பிடாமல் இரண்டு நாள் கிடந்தால் என்ன செய்வீர்கள்? "வாயைத் தொறந்து ஊட்டிவிட்டுருவோம்" என்று பதில் வந்தால் இந்த நாய் அந்த வீட்டுக்கு இல்லை. "தட்டை வெச்சுட்டு அந்தப் பக்கம் போயிருவோம், ராத்திரி எந்திரிச்சுச் சாப்பிடும்" என்று வந்தால் மேற்கொண்டு பேசுவேன். வீட்டில் ஏற்கெனவே மனிதரோடு நன்றாகப் பழகும், சண்டைக்குப் போகாத பெரிய நாய் இருந்தால் ரொம்ப நல்லது, புதிய நாய் அதைப் பார்த்தே பாதி கற்றுக்கொள்ளும். வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்பதும் முக்கியம். மகன் ஆசைப்பட்டுக் கொண்டுவந்து, அப்பா "இது என்ன நாய், தொட்டாக்கூட ஓடுது" என்று விரட்டுகிற வீட்டில் அது தேறவே தேறாது.

கோபிப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மாவைச் சொல்ல வேண்டும். செவலை என்று நாங்கள் கூப்பிட்ட பெண் நாய் அது. காப்பகத்தில் சோறு வைக்கும் பையன் கூண்டைத் திறந்தாலே சாக்கடை மூலையில் உடம்பை அழுத்திக்கொண்டு மூத்திரம் போய்விடும். அந்த அம்மா வந்தார், கூண்டுக்குள் பார்க்கவே இல்லை. "உள்ளார உக்காரலாமுங்களா?" என்று கேட்டார். கதவோரம் நாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மஞ்சப்பையில் கொண்டுவந்திருந்த கடலைக்காயை எடுத்து மடியில் போட்டு உரிக்க ஆரம்பித்துவிட்டார். பேச்சில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. நடுவில் பையிலிருந்து ஒரு வேகவைத்த கோழித்துண்டைப் பின்பக்கமாகத் தரையில் வைத்துவிட்டு மறுபடி உரிக்கத் தொடங்கினார். ரொம்ப நேரம் கழித்து செவலை கழுத்தை மட்டும் நீட்டி, பின்கால்கள் இரண்டும் ஓடத் தயாராக மூலையிலேயே இருக்க, அந்தத் துண்டைக் கவ்விக்கொண்டு திரும்பப் போனது. அந்த அம்மா அப்போதும் திரும்பவில்லை. "நாளைக்கும் வாரனுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். சொன்னபடியே வந்தார், அப்புறமும் வந்தார். கூட்டிப்போனது அதற்கெல்லாம் பிறகுதான். அனுபவம் உள்ள ஆள் யார் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு இந்த அம்மாவைத்தான் சொல்கிறேன்.

வீடு தேடும்போது உண்மையை எழுதுங்கள். வாட்ஸாப்பில் "செல்லக்குட்டி, எல்லோரிடமும் ஒட்டிக்கொள்ளும்" என்று போட்டுக் கொடுத்துவிட்டால் அந்த நாய்க்கு நாம் செய்வது துரோகம். இப்படிப் போடலாம்: "மூன்று வயது பெண், கருத்தடை, வெறிநாய்த் தடுப்பூசி ஆகிவிட்டது. ஆண்களைக் கண்டால் ஒதுங்கும். தொட விட சில மாதம் ஆகலாம். சிறு குழந்தை இல்லாத, காம்பவுண்ட் உள்ள, இன்னொரு நாய் உள்ள வீடு வேண்டும். வந்து பழகிய பிறகே கொடுப்போம்." அழைப்பு குறையும். வருகிற ஒன்றிரண்டு அழைப்பு உருப்படியாக இருக்கும்.

கூட்டிப்போகிற நாள்தான் ரொம்ப ஆபத்தானது. வண்டியில் முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு போகவே கூடாது. கூண்டில் வைத்துக் காரில்தான். கழுத்துப்பட்டை ஒன்று, நெஞ்சைச் சுற்றிய பட்டை ஒன்று, இரண்டிலும் தனித்தனிக் கயிறு. பயந்த நாய் பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொள்ளும், ஒன்று கழன்றாலும் இன்னொன்று இருக்கும். கேட்டை மூடிய பிறகுதான் கார்க் கதவு திறக்க வேண்டும். பயந்த நாய் ஓடிவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வராது, துரத்தினால் இன்னும் தூரம் போகும், பைபாஸில் அடிபடும்.

வீட்டில் ஒரு அறை, அதில் ஒரு மூலை, மேலே துணி போட்ட மேசைக்கு அடியில் என்றாலும் சரி. குளிப்பாட்ட வேண்டாம், சொந்தக்காரர்களை வரச்சொல்லிக் காட்ட வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் சாப்பாடு, ஒரே ஆள், பக்கத்தில் உட்கார்ந்து வேறு வேலை. நாய் வந்து முகர்ந்தால் முகரட்டும், கையை நீட்டாதீர்கள். மூன்று நாளில் திகைப்பு அடங்கும், மூன்று வாரத்தில் வீட்டு நடைமுறை புரியும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று நினைக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பயந்த நாய்க்கு இதைவிட அதிகமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

சில நாய்களுக்கு மருந்து வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பயத்தைக் குறைக்கும் ஃப்ளூஆக்ஸெடின் போன்ற மருந்துகள் வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், பாதியில் நிறுத்தக்கூடாது. வீட்டில் இருக்கும் மனிதர் மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். தீபாவளிக்கு மட்டும் "ஒரு மயக்க மாத்திரை குடுங்க டாக்டர்" என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அசிப்ரோமசின் மாதிரி மருந்தில் உடம்புதான் அசையாது, பயம் அப்படியே உள்ளே இருக்கும். தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. வெடிச்சத்தம் அதோடு நிற்பதில்லை என்பதால் அந்த வாரம் முழுக்கக் கதவு, ஜன்னல், கேட் மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள், வேறு மருந்து வேண்டுமா என்று முன்கூட்டியே வந்து கேளுங்கள்.

கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட நாயாகவே இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள்.

எல்லாப் பயந்த நாய்க்கும் வீடு தேட வேண்டியதும் இல்லை. தெருவில் தன் இடத்தில் நன்றாக இருந்த நாய், மனிதரைக் கண்டால் மட்டும் விலகும் நாய் என்றால், கருத்தடை செய்து ஊசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றுதான் 2023-ஆம் ஆண்டு விலங்குகள் கருத்தடை விதிகளும் சொல்கின்றன. அதை வீட்டுக்குள் கொண்டுவந்து அடைப்பது நமக்குத்தான் திருப்தி.

எடுத்துப்போன பிறகு முடியவில்லை என்றால் ரோட்டில் விட்டுவிடாதீர்கள். தத்தெடுத்தவர்கள் நாயைத் திரும்பத் தெருவுக்கு வரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில் சொல்லியிருக்கிறது. பயந்த நாய் புதிய ஏரியாவில் தாக்குப்பிடிப்பது ரொம்பக் கஷ்டம். எடுத்த காப்பகத்துக்கே கூப்பிடுங்கள். எந்த நேரத்தில் பயப்படுகிறது, எதைச் சாப்பிட்டது, யாரிடம் கொஞ்சமாவது போனது என்று நீங்கள் சொல்கிற ஒவ்வொன்றும் அடுத்த வீடு தேட எங்களுக்கு உதவும். குற்றம் சொல்லாமல் வாங்கிக்கொள்கிற காப்பகத்திடம் மட்டும் பயந்த நாயை எடுங்கள், எடுக்கும் முன்பே அதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.