இறந்த நேரத்தை நிமிடக் கணக்கில் சொல்ல முடியுமா?

யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டில் இருந்து, ஐம்பதுகளில் நடப்பதாக எடுத்த ஒரு கொலைப் படம் பார்த்தோம். சாட்சிக் கூண்டில் ஏறிய வைத்தியர், "இரவு 9 மணி 20 நிமிடத்துக்கு உயிர் போயிருக்கிறது" என்றார். நீதிமன்றமே அடங்கிப்போனது. அம்மம்மா கேட்டார்: "உவர் பக்கத்தில நிண்டு பாத்தவரோ?"

அந்தக் கேள்விதான் சரி. படத்தில் வேறு பிழையும் உண்டு. பொலிசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்தே வழக்கை முடித்துவிட்டார்கள். இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டப்படி அது செல்லாது. ஆனால் என் மனதில் நின்றது அந்த 20 நிமிடம்தான்.

உயிர் போனதும் உடல் சூட்டை உண்டாக்குவது நின்றுவிடும். ஏறக்குறைய 37 பாகை செல்சியஸில் இருந்த உடல், சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலையை நோக்கி இறங்கும். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து, எப்போது இறங்கத் தொடங்கியது என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். கேட்க எளிது. ஆனால் ஆறும் வேகம் ஒரே சீராக இருப்பதில்லை; உடலுக்கும் சூழலுக்கும் உள்ள வித்தியாசம் குறையக் குறைய வேகமும் குறையும்.

17 பாகை அறையொன்றில் வித்தியாசம் 20. அங்கே மணிக்கு 1 பாகை குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே உடல் சித்திரை வெயில் காலத்து யாழ்ப்பாணத்தில், 32 பாகை அறையில் கிடந்தால் வித்தியாசம் வெறும் 5. மணிக்குக் கால் பாகைதான் குறையும். இப்போது அளவீட்டில் அரைப் பாகை பிசகினால், அங்கே அரை மணி நேரம் தவறும். இங்கே 2 மணி நேரம் தவறும். நம்முடைய வெக்கையில் வெப்பமானி அவ்வளவு மங்கலாகத்தான் பேசும்.

அப்புறம், இறந்தவருக்குக் காய்ச்சல் இருந்திருந்தால், உயிருக்குப் போராடியிருந்தால், தொடக்கமே 37ஆக இராது. இறந்த பின் உடலின் உட்பகுதி சிறிது நேரம் சூடு குறையாமலேயே இருப்பதும் உண்டு. சீமெந்துத் தரையில் கிடந்த உடல் வேறு மாதிரி ஆறும், பஞ்சு மெத்தையில் கிடந்தது வேறு மாதிரி ஆறும். மெலிந்தவர் விரைவாக ஆறுவார், பருத்தவர் மெதுவாக.

இலங்கையே இதை நேரில் பார்த்திருக்கிறது. 1951 ஒக்டோபரில் புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர் மகாதேவ சதாசிவத்தின் மனைவி கொழும்பில் கொலையுண்டார். கணவர்மேல் வழக்கு. அன்று காலை அவர் வீட்டைவிட்டுப் புறப்படுவதற்கு முன்னா, பின்னா மரணம் என்பதில்தான் அவருடைய உயிரே தங்கியிருந்தது. அரச தரப்பில் சட்ட வைத்தியப் பேராசிரியர் டி சேரம். எதிர்த்தரப்புக்காக எடின்பரோவிலிருந்து அதே துறையின் நிபுணர் சேர் சிட்னி சிமித் வந்தார். துறையின் பெரிய தலைகள் இரண்டும் ஒரே உடலைப் பற்றி ஒத்துப்போகவில்லை. 1953இல், 57 நாள் விசாரணைக்குப் பின், ஜூரர்கள் சதாசிவத்தைக் குற்றவாளியல்ல என்று விடுவித்தார்கள்.

டி சேரம் அந்தக் கேள்வியை விடவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விடயம். வெப்ஸ்டர், கதிர்காமத்தம்பி இருவரோடும் சேர்ந்து, தூக்கிலிடப்பட்ட 41 கைதிகளின் உடல்கள் எப்படிக் குளிர்கின்றன என்று அளந்து 1955இல் வெளியிட்டார். தூக்கில் இறந்தவரின் மரண நேரம் துல்லியமாகத் தெரியும். ஆகவே கணக்கை உண்மையோடு ஒப்பிடலாம். மனம் கனக்கவைக்கும் ஆய்வுதான். ஆனால் வெப்ப நாடுகளுக்கு அப்படியான அளவீடுகள் அவசியமாக இருந்தன.

படத்தின் வைத்தியர் "8 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் இருக்கலாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். எதிர்த்தரப்பு அப்புக்காத்து எழும்பி, உடலின் சூட்டை எத்தனை மணிக்கு அளந்தீர்கள், யன்னல் திறந்திருந்ததா, உடல் கிடந்தது பாயிலா வெறுந்தரையிலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்க வேண்டும். அம்மம்மாவின் கேள்வியைக் கேட்க அங்கே ஒருவரும் எழும்பவில்லை.