குழாய்ல பாதி ஊரோடது, பாதி உங்களோடது: அமெரிக்காவோட காரீயத் தண்ணி சட்டம்

ஈயம்னு சொன்னதும் நம்மாளுங்களுக்கு ஞாபகம் வர்றது ஈயச்சொம்பு ரசம்தான். அது வெள்ளீயம், டின். நான் சொல்லப்போறது காரீயம், அதாவது லெட், பேட்டரிக்குள்ள இருக்குமே, வலையில குண்டா கட்டுவாங்களே அது. ரெண்டுக்கும் பேர் மட்டும்தான் ஒட்டுது. காரீயம் உடம்புக்குள்ள போனா உடம்பு அதை கால்சியம்னு நினைச்சு எலும்புல சேத்து வச்சுக்கும், குழந்தைங்களுக்கு மூளை வளர்ச்சியிலயே கை வச்சிடும், இவ்ளோ வரைக்கும் பரவால்லன்னு ஒரு அளவே கிடையாது.

அப்படிப்பட்ட சாமான்லதான் அமெரிக்காவுல ஒரு காலத்துல தண்ணி குழாயே போட்டாங்க. தெருவுல போற பெரிய மெயின் பைப் பெரும்பாலும் இரும்பு, அதுலேர்ந்து வீட்டுக்கு பிரிஞ்சு வர்ற சின்ன பைப்தான் காரீயம். நல்லா வளையும், நிலம் கொஞ்சம் இறங்குனாலும் உடையாது, ரொம்ப வருஷம் ஓடும். பிளம்பர்ங்கிற வார்த்தையே காரீயத்தோட லத்தீன் பேரான பிளம்பம்லேர்ந்து வந்ததுதான். சிக்காகோவுல காரீயத்துலதான் போடணும்னு ஊர் விதியே இருந்துச்சு, அதுவும் 1986ல நாடு முழுக்க தடை வர்ற வரைக்கும். இன்னிக்கும் அந்த ஊர்ல மட்டும் சுமார் 4 லட்சம் வீட்டு இணைப்பு காரீயம்தான்.

அந்த 1986 தடை ஒரு தமாஷ். புதுசா காரீயக் குழாய் போடக்கூடாதுன்னு சொன்னாங்க, மண்ணுக்குள்ள ஏற்கனவே கிடக்குறதை எடுக்கணும்னு சொல்லவே இல்ல. புதுசா விக்கிற பைப், பித்தளை ஃபிட்டிங் எல்லாம் 'லெட் ஃப்ரீ'யா இருக்கணும், ஆனா லெட் ஃப்ரீன்னா 8 சதவீதம் வரைக்கும் காரீயம் இருக்கலாம்! தண்ணி படுற பக்கத்துல சராசரியா 0.25 சதவீதம்தான்னு அதை இறக்குற சட்டம் 2011ல வந்து, 2014 ஜனவரிலதான் அமலுக்கு வந்துச்சு.

இதுல அறிவியல் சிக்கல் எங்க இருக்குன்னா, தண்ணி அதை சுத்திகரிக்கிற பிளான்ட்லேர்ந்து கிளம்பும்போது சுத்தமாத்தான் கிளம்புது, கெட்டுப்போறது கடைசி சில அடி தூரத்துலதான். ஆர்செனிக் மாதிரி விஷயத்துக்கெல்லாம் பிளான்ட்லேர்ந்து வெளிய வர்ற இடத்துல அளந்தா போதும், காரீயத்துக்கு ஒவ்வொரு வீட்டு கிச்சன் குழாய்லயும் போய் நிக்கணும். அதனாலதான் அந்த நாட்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஏஜென்சி 1991ல காரீயத்துக்கும் செம்புக்கும் சேத்து தனியா ஒரு விதி கொண்டு வந்துச்சு. ரிஸ்க் இருக்குற வீடா பாத்து பொறுக்கி, 6 மணி நேரமாவது குழாயைத் தொறக்காம வச்சு, முதல் லிட்டரை பாட்டில்ல புடிச்சு டெஸ்ட்டுக்கு குடுக்கணும். எல்லா ரிசல்ட்டையும் கம்மியிலேர்ந்து ஜாஸ்திக்கு வரிசையா அடுக்கி, 100 வீடுன்னா 90வது வீட்டு நம்பரைப் பாப்பாங்க. அது 15 பிபிபியைத் தாண்டுனா, அதாவது 100 கோடி பங்கு தண்ணிக்கு 15 பங்கு காரீயத்துக்கு மேல போனா, ஊர் நடவடிக்கை எடுக்கணும்.

இங்க கொஞ்சம் நின்னு யோசிங்க. கடைசி 10 வீட்ல 500 பிபிபி இருந்தாலும் ஊர் பாஸ்! அந்த 15ங்கிற நம்பரும் டாக்டருங்க சொன்ன அளவு இல்ல, தண்ணியை ட்ரீட் பண்ணி எவ்ளோ வரைக்கும் இறக்க முடியும்னு பாத்து வச்சது. ஏன்னா அதே விதியில ஆரோக்கியத்துக்கான இலக்கு பூஜ்யம்னே போட்டிருக்கு.

சரி, காரீயக் குழாய்ல ஓடுற தண்ணியை எப்படி ட்ரீட் பண்றாங்கன்னா, குழாயோட உள்சுவர்ல ஒரு பாலாடை மாதிரி படலம் வளர்ற மாதிரி பாத்துக்குறாங்க. ஆர்த்தோபாஸ்பேட்னு ஒரு உப்பைக் கொஞ்சமா கலந்தா அது காரீயத்தோட சேந்து தண்ணியில சுலபமா கரையாத ஒரு பொருளா சுவர்ல ஒட்டிக்கும், தண்ணிக்கும் உலோகத்துக்கும் நடுவுல ஒரு தடுப்பு. ஆனா அந்தப் படலம் தண்ணியோட குணத்தை நம்பித்தான் நிக்குது, தண்ணி மாறுனா அது உதிர்ந்துடும்.

வாஷிங்டன் டிசி கதை இதுக்கு நல்ல உதாரணம். அங்க 2000 நவம்பர்ல கிருமியைக் கொல்லக் கலக்குற குளோரினை விட்டுட்டு, அதைவிட பலம் கம்மியான குளோரமைனுக்கு மாறுனாங்க. காரணம் நல்ல காரணம்தான், குளோரினால வர்ற வேண்டாத பொருட்களைக் குறைக்கச் சொல்லி இன்னொரு விதி இருந்துச்சு. ஆனா அங்க குழாய்ல இருந்த படலம் காரீய டை ஆக்சைடு, குளோரின் மாதிரி பலமான ஒண்ணு தண்ணியில இருக்குற வரைக்கும்தான் அது நிலைச்சு நிக்கும். குளோரின் போச்சு, படலம் கரைஞ்சுது, காரீயம் கிச்சன் குழாய் வரைக்கும் வந்துச்சு. ஒரு சட்டத்துக்கு கட்டுப்படப் போயி இன்னொண்ணுல மாட்டுனாங்க, 2004ல விஷயம் பேப்பர்ல வந்தப்புறம்தான் ஊருக்கே தெரியும்.

ஃபிளின்ட் கதை இன்னும் மோசம். மிச்சிகன்ல இருக்குற அந்த ஊரு 2014 ஏப்ரல்ல காசு மிச்சம் பண்றோம்னு ஹ்யூரான் ஏரி தண்ணியை விட்டுட்டு ஆத்து தண்ணிக்கு மாறுச்சு. அந்தத் தண்ணியில குளோரைடு ஜாஸ்தி, உலோகத்தை அரிக்கும், அப்படியிருந்தும் ஆர்த்தோபாஸ்பேட் கலக்கவே இல்ல. அக்டோபர்லயே ஜெனரல் மோட்டார்ஸோட எஞ்சின் ஃபேக்டரி, இந்தத் தண்ணி பட்டா பார்ட்ஸ் அரிக்குதுன்னு சொல்லி வேற தண்ணிக்கு மாறிடுச்சு. எஞ்சினுக்கு ஆகாத தண்ணியை ஜனங்க இன்னும் ஒரு வருஷம் குடிச்சாங்க. 2015ல எடுத்த சாம்பிள்ல ரெண்டைக் கணக்குலேர்ந்து தூக்குனதும் ஊரோட நம்பர் 15க்குக் கீழ வந்துடுச்சு, பேப்பர்ல பாஸ். மோனா ஹன்னா-அட்டீஷாங்கிற குழந்தை டாக்டர், குழந்தைங்க ரத்தத்துல காரீயம் ஏறியிருக்குன்னு டேட்டாவோட வந்து நின்னப்புறம், அக்டோபர்ல பழைய தண்ணிக்கே திரும்புனாங்க.

சாம்பிள் எடுக்குறதுலயும் விளையாட்டு உண்டு. முந்தின நாள் ராத்திரி குழாயை நல்லா தொறந்து ஓட விடுங்க, நுனியில இருக்குற வலையைக் கழட்டுங்க, மெதுவா புடிங்கன்னு சொல்லிக் குடுத்தா நம்பர் தானா குறையும், 2016ல ஏஜென்சி இப்படியெல்லாம் சொல்லக்கூடாதுன்னு எழுதியே அனுப்புச்சு. இதுல இன்னொரு ஓட்டையும் இருந்துச்சு, முதல் லிட்டர்ங்கிறது ராத்திரி முழுக்க வீட்டுக்குள்ள நின்ன தண்ணி, வாசலுக்கு வெளிய காரீயக் குழாய்ல நின்ன தண்ணி அதுக்கப்புறம்தான் வரும். அதனால 2024 அக்டோபர்ல வந்த புது விதியில, காரீயக் குழாய் இருக்குற வீட்ல முதல் லிட்டர், அஞ்சாவது லிட்டர் ரெண்டையும் பாத்து எது ஜாஸ்தியோ அதை எடுன்னு வச்சிருக்காங்க. 15 பிபிபிங்கிற வரம்பையும் 10ன்னு இறக்கியிருக்காங்க.

அந்த புது விதியில என் கண்ணுக்கு பெருசா தெரியறது நம்பர் இல்ல. படலத்தை நம்பி ஓட்டுனது போதும், பெரும்பாலான ஊர்ல 2027 நவம்பர்லேர்ந்து 10 வருஷத்துக்குள்ள குழாயையே எடுத்துடணும்னு சொன்னதுதான். இதை மேடிசன்ங்கிற ஊரு 2001லயே ஆரம்பிச்சு செஞ்சு காட்டிடுச்சு, பாஸ்பேட் கலந்தா ஏரியில பாசி புடிக்கும்னு அவங்களுக்கு ஒரு கவலை.

எடுக்குறதுதான் கஷ்டம், ஏன்னா பல ஊர்ல அந்தக் குழாய்ல தெருப்பக்கம் பாதி ஊரோடது, வீட்டுப்பக்கம் பாதி ஓனரோடது. ஊர் தன் பாதியை மட்டும் செம்பா மாத்துனா நிலைமை மோசமாகலாம், செம்பும் காரீயமும் ஒட்டுற இடத்துல தண்ணியும் இருந்தா ஒரு குட்டி பேட்டரி மாதிரி வேலை செஞ்சு காரீயம் இன்னும் வேகமா அரிக்கும், வெட்டுன அதிர்ச்சியில படலமும் உதிரும். நியூ ஜெர்சியில இருக்குற நியூவர்க்ங்கிற ஊர்ல இதுக்கு 2019ல ஒரு ஊர்ச்சட்டம் போட்டாங்க, ஓனர் கையெழுத்துக்கு காத்திருக்காம உள்ள போய் முழுசையும் இலவசமா மாத்தலாம்னு. மூணு வருஷத்துக்குள்ள சுமார் 23,000 குழாய் மாறிடுச்சு. வாடகைக்கு விட்டுட்டு வேற ஊர்ல இருக்குற ஓனரைத் தேடி அலைஞ்சிருந்தா இந்நேரம் பாதிகூட முடிஞ்சிருக்காது. 2024 விதி அந்த அளவுக்குப் போகல, ஓனர் பக்கத்துக்கு காசு யாரு குடுக்கணும்னு அது கட்டாயமா சொல்லல. 2021ல வந்த உள்கட்டமைப்பு சட்டத்துல இதுக்குன்னு 1,500 கோடி டாலர் ஒதுக்குனாங்க, ஆனா நாடு முழுக்க சுமார் 90 லட்சம் காரீயக் குழாய் இருக்கும்னு 2024ல ஏஜென்சியே மதிப்பு போட்டிருந்துச்சு, நீங்களே வகுத்துப் பாருங்க.

அமெரிக்காவுல பழைய வீட்ல இருக்குற நம்மாளுங்களுக்கு ஒண்ணு, கொதிக்க வச்சா காரீயம் போகாது, தண்ணி சுண்டி இன்னும் கெட்டியாத்தான் ஆகும். சுடுதண்ணி குழாயைத் தொறந்து உலை வைக்காதீங்க, சூடான தண்ணியில காரீயம் ஜாஸ்தி கரையும். பேஸ்மென்ட்ல மீட்டருக்கு வர்ற குழாயை சாவியால லேசா சுரண்டுங்க, வெள்ளியாட்டம் மின்னி, காந்தமும் ஒட்டலன்னா அது காரீயம்தான், தண்ணி ஆபீசுக்கு போனைப் போடுங்க.