சைனஸ் பூஞ்சை: அந்த சளிய சக்ஷன்ல விட்றாதீங்க

மூக்கடைப்பு, வாசனையே தெரியல, பாலிப் (மூக்குக்குள்ள தொங்குற சதை வளர்ச்சி) எடுத்தாலும் திரும்ப வளருதுன்னு வருஷக்கணக்கா அலையுறவங்கள்ல சில பேருக்கு உள்ள இருக்கிறது அலர்ஜி பூஞ்சை சைனஸ். 2021ல கோவிட் சமயத்துல எல்லாரையும் நடுங்க வச்ச கருப்பு பூஞ்சை வேற, இது வேற. அது சதைக்குள்ள பூந்து அழிக்கும், இது சைனஸ் சளியிலயே தங்கிடும், அதுக்கு நம்ம உடம்பு அலர்ஜியில பொங்கி ஈசினோஃபில்ங்கிற வெள்ளை அணுக்களை கும்பல் கும்பலா அனுப்பும், அதுங்க அங்கயே செத்து சளியோட சேர்ந்து கிரீஸ் மாதிரி பழுப்பும் பச்சையுமா இறுகிடும்.

நோயைக் காட்டிக் கொடுக்கிறதே இந்த சளிதான். ஆனா ஆபரேஷன்ல சக்ஷன்ங்கிற உறிஞ்சு குழாய் அதை இழுத்துட்டு, வெறும் பாலிப் சதை மட்டும் லேபுக்கு போச்சுன்னா? இந்த நோய்ல சதைக்குள்ள பூஞ்சை போகாதே, அப்புறம் ரிப்போர்ட்ல எப்படி வரும்! எனக்கு ரொம்ப ஆதங்கமா இருக்கிற இடம் இது. சளிய தனியா எடுக்கணும், கல்ச்சருக்கு, அதாவது பூஞ்சைய வளர்த்துப் பார்க்கிற சோதனைக்கு போறத சலைன்ங்கிற உப்புத் தண்ணில போடணும், சதை கெடாம வைக்கிற ஃபார்மலின்ல போட்டா பூஞ்சை செத்துடும், அப்புறம் எதுவும் வளராது. சதையையும் தனி பாட்டில்ல அனுப்பணும், பூஞ்சை உள்ள நுழையலன்னு உறுதி பண்ண அது வேணும்.

லேப்லயும் பொறுமை வேணும். பூஞ்சை நூல் அங்கொன்னு இங்கொன்னுதான் கிடக்கும், வழக்கமான சாயத்துல சுலபமா கண்ணுல படாம போயிடும். ஜிஎம்எஸ்ங்கிற வெள்ளி சாயம் போட்டா பச்சை பின்னணியில கரு கருன்னு நூல் தெரியும். கூடவே ரெண்டு முனையும் கூரா ஊசி மாதிரி சார்கோ-லேடன் படிகங்கள் கிடந்தா, ஈசினோஃபில்ங்க கூட்டமா செத்த இடம்னு புரிஞ்சிடும்.

கல்ச்சர்ல பூஞ்சை வந்துச்சுங்கிறத மட்டும் வச்சு முடிவு பண்ணக்கூடாது. 1999ல அமெரிக்காவுல மேயோ கிளினிக் ஆய்வுல நாள்பட்ட சைனஸ் இருக்கிறவங்கள்ல 96 சதவீதம் பேர் மூக்குல பூஞ்சை வளர்ந்துச்சு, ஒப்பிட எடுத்த ஆரோக்கியமானவங்க அத்தனை பேர் மூக்குலயும் வளர்ந்துச்சு. அதனாலதான் 1994ல பென்ட், குன்னு ரெண்டு டாக்டர்கள் சொன்ன அஞ்சு அடையாளத்தையும் சேர்த்துப் பார்க்கிறாங்க: அலர்ஜி, பாலிப், சிடி ஸ்கேன்ல தெரியிற அடையாளம், ஈசினோஃபில் நிறைஞ்ச சளி, அதுல சாயத்துல தெரியிற பூஞ்சை.

ஸ்கேன்லயும் ஒரு சூட்சுமம் இருக்கு. சிடில இந்த சளி திட்டுத் திட்டா வெள்ளையா தெரியும். எம்ஆர்ஐல தண்ணிய வெள்ளையா காட்டுற டி2 படத்துல, இந்த சளியில தண்ணி ரொம்ப கம்மி, புரதம் அதிகம்ங்கிறதால கருப்பாயிடும், காத்தும் அதே கருப்புதான், அதனால எம்ஆர்ஐ மட்டும் பார்த்தா முட்ட முட்ட அடைச்ச சைனஸ் கூட காலியா இருக்கிற மாதிரி தெரியும்.