ஆட்கொணர்வு: சொல் விளக்கம்

'ஹேபியஸ் கார்பஸ்' என்பது லத்தீன் தொடர். 'ஹேபியஸ்' என்றால் 'உன் வசம் கொண்டிரு'. 'கார்பஸ்' என்றால் உடல். ஒருவரைப் பிடித்து வைத்திருப்பவரிடம், "அவரைக் கொண்டுவந்து நிறுத்து, எதற்காகப் பிடித்தாய் என்று சொல்" என நீதிபதி இடும் கட்டளை இது. இடைக்கால இங்கிலாந்தில் இந்த ஆணைகள் லத்தீனில் எழுதப்பட்டதால், ஆணையில் இருந்த சொற்களே அதன் பெயராகிவிட்டன. 1679-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது.

தமிழில் இது 'ஆட்கொணர்வு': ஆள் + கொணர்வு. கார்பஸ் என்பதற்கு 'உடல்' என்று போடாமல் 'ஆள்' என்று போட்டவர் யாராக இருந்தாலும் வணக்கத்துக்குரியவர். நீதிமன்றம் கேட்பது உயிரும் உரிமையும் உள்ள மனிதரை அல்லவா? பாதிக்கப்பட்டவர் சிறைக்குள் இருப்பதால், உறவினரோ நண்பரோ அவருக்காக மனுச் செய்யலாம். அது ஆட்கொணர்வு மனு. அதை ஏற்று நீதிமன்றம் பிறப்பிப்பது ஆட்கொணர்வு நீதிப்பேராணை. செய்திகளில் இரண்டையும் 'மனு' என்றே எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல.

கட்டற்ற அதிகாரம் முதலில் அடைக்கப் பார்ப்பது இந்தக் கதவைத்தான். 1975 ஜூன் 25 அன்று இந்தியாவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. மிசா எனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விசாரணையின்றிச் சிறைப்பட்டவர்களுக்காக ஆட்கொணர்வு மனுக்கள் குவிந்தன. அவற்றை விசாரிக்க முடியும் என்று உயர் நீதிமன்றங்கள் பல கூறின. முடியாது என்று வாதிட்டு அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு காவலர் சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றுவிட்டாலும் பரிகாரம் கிடையாதா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை கிடையாது என்றார் அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் நிரேன் டே. கொணர்வதற்கு ஆளே இல்லாமற்போனாலும் கேள்வி கேட்க முடியாது என்பதுதான் அதன் பொருள்.

1976 ஏப்ரல் 28 அன்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் அரசின் வாதத்தை ஏற்றனர். கன்னா மட்டும் மறுத்து எழுதினார். மறு ஆண்டு, அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி அவருக்கு இளையவருக்குத் தரப்பட்டது; கன்னா பதவி விலகினார்.

உயிருக்கும் தனிமனித விடுதலைக்குமான அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவை நெருக்கடி நிலையிலும் முடக்கக்கூடாது என்று, 1978-இல் நாடாளுமன்றம் ஏற்ற 44-ஆவது திருத்தம் வரையறுத்தது. அந்த 1976 தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே சொல்ல 2017 வரை ஆனது.